தறி தானா நிக்கணும்: எதிர்ப்பு சக்தியும் முடக்குவாதமும்

கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டுல யாருக்காவது காலைல எந்திரிச்சதும் கை விரல் மடங்கலைன்னா கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

1/
"சார், எதிர்ப்பு சக்தி கூடறதுக்கு ஒரு டானிக் எழுதிக் கொடுங்க."

கொரோனாவுக்கு அப்புறம் அம்மாபேட்டையில் என் கிளினிக்கில் நான் அதிகமா கேட்ட வாக்கியம் இதுதான். போன மாசம் இதைக் கேட்டவங்களுக்கு 44 வயசு. தறிக்கார வீட்டுப் பெண்மணி. இருபது வருஷமா தார் சுத்தறது, அறுந்த இழையைப் பிணைக்கறதுதான் வேலை. (அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன். அவங்க சம்மதத்தோடதான் எழுதறேன்.)

2/
அவங்க கையை மேஜை மேல வைக்கச் சொன்னேன். ரெண்டு கையிலயும் விரல்கள் சுண்டுவிரல் பக்கமா சாய்ஞ்சிருந்தது. முட்டிகள் வீங்கி, மணிக்கட்டு மடங்கவே இல்லை. முகம் மட்டும் நல்லா உருண்டையா, பளபளன்னு இருந்தது.

"முகம் நல்லாத்தான் சதை போட்டிருக்குதுங்க சார். கைதான் பலம் இல்லாம போச்சு. எதிர்ப்பு சக்தி கொறஞ்சு போச்சுன்னு சொல்றாங்க."

3/
அக்கா, உங்களுக்கு எதிர்ப்பு சக்தி குறையல. அது நிக்கத் தெரியாம ஓடிட்டு இருக்கு.

இந்த ஒரு விஷயத்தைப் புரிய வைக்கத்தான் இந்த த்ரெட். இதைப் புரிஞ்சுக்காததால நம்ம ஊர்ல நிறைய பேர் கையை இழக்கறாங்க.

4/
முதல்ல அழற்சின்னா என்ன?

கையில முள்ளு குத்துது. கொஞ்ச நேரத்துல சிவக்குது, சூடாகுது, வீங்குது, வலிக்குது. ரத்த நாளங்கள் விரிஞ்சு, வெள்ளை அணுக்கள் அந்த இடத்துக்கு ஓடி வந்து, கிருமியைத் தின்னு, செத்த திசுவைச் சுத்தம் பண்ணுது. இது நல்லது. இது இல்லைன்னா ஒரு முள்ளுக்கே செத்துப் போயிடுவோம்.

5/
ஆனா வேலை முடிஞ்சதும் அது அடங்கணும். அடங்கறது தானா நடக்கற விஷயம் இல்லை. "போதும், நிறுத்து" ன்னு சொல்றதுக்குன்னே உடம்புல தனி அணுக்கள், தனி சிக்னல்கள் இருக்கு.

தறிக்காரங்களுக்கு இதைச் சுலபமா சொல்லலாம். ஊடை நூல் அறுந்தா பவர்லூம் தானா நிக்கும். அப்படி நிக்கறதுக்கு ஒரு அமைப்பு இருக்கு. அது கெட்டுப் போச்சுன்னா? தறி ஓடிக்கிட்டே இருக்கும், துணி பாழாகும். மோட்டார்ல ஒரு குறையும் இருக்காது. அப்ப யாராவது "மோட்டாருக்கு இன்னும் பவர் ஏத்து" ன்னு சொல்வாங்களா?

"எதிர்ப்பு சக்திக்கு டானிக்" னு கேக்கறது அதைத்தான் கேக்கறது.

6/
நம்ம உடம்புல நிறுத்தற வேலையைச் செய்யறதுல முக்கியமானது "ரெகுலேட்டரி டி அணுக்கள்". ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-ல் இதை அடையாளம் காட்டினார். இந்த அணுக்களுக்கு ஃபாக்ஸ்பி3 ங்கற ஜீன் எவ்வளவு முக்கியம்னு அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. பிறக்கும்போதே அந்த ஜீன் பழுதான குழந்தைகளுக்கு குடல், தோல், கணையம்னு பல உறுப்புகளைச் சொந்த எதிர்ப்பு சக்தியே தாக்கும்.

மேரி புருன்கோவ், ஃப்ரெட் ராம்ஸ்டெல், சகாகுச்சி மூணு பேருக்கும் 2025-க்கான மருத்துவ நோபல் பரிசு இதுக்காகத்தான் கிடைச்சுது. எதிர்ப்பு சக்தியை ஏத்தினதுக்கு இல்லைங்க, அது எப்படி அடங்குதுன்னு கண்டுபிடிச்சதுக்கு.

7/
இப்ப அந்த அக்காவோட நோய்க்கு வருவோம். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். தமிழ்ல முடக்குவாதம்னும் சரவாங்கின்னும் சொல்றோம். வயசானா வர்ற மூட்டுத் தேய்மானம் வேற, இது வேற. இது 30 வயசுலயும் வரும், 50-லயும் வரும். ஆண்களை விடப் பெண்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகம்.

8/
எப்படி ஆரம்பிக்குது?

பல பேருக்கு இது மூட்டுல ஆரம்பிக்கறதே இல்லை. நுரையீரல்லயோ ஈறுலயோ ஆரம்பிக்குதுன்னு இப்ப நம்பறோம். புகையோ தூசியோ தொடர்ந்து படற இடத்துல, புரதங்கள்ல இருக்கற அர்ஜினின் ங்கற அமினோ அமிலம் சிட்ருலினா மாறுது. புரதத்தோட முகவெட்டு லேசா மாறிடுது. சில குறிப்பிட்ட ஹெச்.எல்.ஏ ஜீன் வகை இருக்கறவங்க உடம்பு அதைப் பார்த்து "இது நம்ம ஆள் இல்லை" ன்னு முடிவு பண்ணி, அதுக்கு எதிரா ஆன்டிபாடி தயாரிக்குது. அந்த ஆன்டிபாடி, மூட்டு வலி வர்றதுக்குச் சில வருஷம் முன்னாடியே ரத்தத்துல இருக்கும். ஆன்டி சி.சி.பி டெஸ்ட்ல பார்க்கறது இதைத்தான்.

9/
அப்புறம் சண்டை மூட்டுக்கு வருது. மூட்டைச் சுத்தி உள்பக்கமா மெல்லிசா ஒரு சவ்வு இருக்கும். அங்க டி அணு, பி அணு, மேக்ரோஃபேஜ் எல்லாம் கூடாரம் போடுது. டி.என்.எஃப், இன்டர்லூக்கின் 6 ங்கற வேதிப்பொருட்களைக் கொட்டுது. மெல்லிசா இருந்த சவ்வு தடிச்சு வளர்ந்து குருத்தெலும்பை அரிக்குது. கூடவே எலும்பைத் தின்னற அணுக்களையும் தூண்டி விடுது. எக்ஸ்ரேயில எலி கடிச்ச மாதிரி ஓரங்கள் தெரியும். அப்படி ஒருமுறை போன எலும்பு திரும்பி வராது.

10/
காலைல ஏன் அதிக விறைப்பு? ராத்திரில உடம்போட சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசால் குறைவா இருக்கும். இந்த நோய் உள்ளவங்களுக்கு விடியற்காலைல இன்டர்லூக்கின் 6 உச்சத்துல இருக்கும். அதான் "எந்திரிச்சா கை மரக்கட்டை மாதிரி இருக்குதுங்க, காபி டம்ளர் பிடிக்க முடியல, பத்து மணிக்கு மேலதான் சரியாகுது" ன்னு சொல்வாங்க.

தேய்மானத்துல விறைப்பு பொதுவா அரை மணிக்குள்ள விட்டுடும். முடக்குவாதத்துல ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்னு நீளும்.

11/
நம்ம ஊருக்கு இதுல தனியா ஒரு விஷயம் இருக்கு.

புகைபிடிக்கறது இந்த நோய்க்கு வழி வகுக்கும்னு ரொம்ப நாளா தெரியும். கல்லுடைக்கற சிலிக்கா தூசியும் அப்படித்தான். 2016-ல் மலேசியாவிலிருந்து ஒரு ஆய்வு வெளியாச்சு. மலாய், சீன, இந்திய வம்சாவளிப் பெண்கள்ல, ஜவுளித் தூசியில வேலை செஞ்சவங்களுக்கு முடக்குவாதம் வர்ற வாய்ப்பு ஏறத்தாழ மூணு மடங்கு இருந்தது. மேல சொன்ன ஜீன் வகையும் சேர்ந்திருந்தா இன்னும் பல மடங்கு.

12/
இதைப் படிச்சிட்டுத் தறி ஓட்டற எல்லாருக்கும் முடக்குவாதம் வரும்னு பயப்படாதீங்க. பெரும்பாலானவங்களுக்கு வராது. ஒரு ஆய்வை வெச்சு அப்படிச் சொல்லவும் முடியாது.

ஆனா அம்மாபேட்டையில தறி ஓடற வீட்லயேதான் சமையல், தூக்கம், குழந்தை எல்லாம். பஞ்சுத் தூசி எட்டு மணி நேரத்தோட முடியறது இல்லை. ஜன்னலைத் திறந்து வைங்க. காய்ஞ்ச துடைப்பத்துல கூட்டாம ஈரத்துணியில துடைங்க. தறி மேடையில பீடி வேண்டவே வேண்டாம்.

இந்த ஊர்த் தறிக்காரங்களை வெச்சே இப்படி ஒரு ஆய்வு நடக்கணும்னு என் ஆசை.

13/
சரி, அக்கா ஏன் இவ்வளவு லேட்டா வந்தாங்க?

நாலு வருஷம் முன்னாடி விரல் வீங்கினப்ப, "2006-ல வந்த சிக்குன்குனியாவோட மிச்சம்" னு வீட்ல சொல்லியிருக்காங்க. அந்த வருஷம் தமிழ்நாட்டுல வந்த சிக்குன்குனியா, நம்ம பக்கத்தையும் விட்டு வைக்கல. அதுக்கப்புறம் மாசக்கணக்கா மூட்டு வலியோட இருந்தவங்க நிறைய. அதனால நம்ம ஊர்ல எந்த மூட்டு வலிக்கும் இது ஒரு ரெடிமேட் காரணம் ஆயிடுச்சு. ஆனா அத்தனை வருஷம் சும்மா இருந்துட்டு, புதுசா ரெண்டு கையும் ஒண்ணா வீங்கினா, அதைச் சிக்குன்குனியா கணக்குல எழுதக் கூடாது.

14/
அப்புறம் யாரோ சொல்லி ஒரு ஊருக்குப் போயிருக்காங்க. பேர் வேண்டாம். காகிதப் பொட்டலத்துல பொடி. லேபிள் இல்லை. ஒரு வேளை சாப்பிட்டதும் வலி பறந்து போச்சு. "கைராசி" ன்னு தெருவே போயிருக்கு.

நாலு வருஷமா அந்தப் பொடி. முகம் உருண்டை ஆச்சு. சுகர் வந்துச்சு. லேசா இடிச்சாலே தோல்ல ரத்தம் கட்டுது. வயித்துல சிவப்புக் கோடுகள். பொட்டலத்துல என்ன இருந்ததுன்னு நான் சோதிச்சுப் பார்க்கல. ஆனா ஸ்டீராய்டு நீண்ட நாள் எடுத்தவங்க உடம்பு எப்படி இருக்கும்னு எந்த டாக்டருக்கும் தெரியும்.

15/
ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். பதிவு பெற்ற சித்த மருத்துவர்களை நான் சொல்லல. லேபிள் இல்லாத பொட்டலத்தைச் சொல்றேன்.

இன்னொண்ணு. எங்க பக்கமும் தப்பு இருக்கு. வலின்னு வந்தா ஒரு ஸ்டீராய்டு ஊசி, "ரெண்டு நாள்ல வாங்க" ங்கற வைத்தியம் எம்.பி.பி.எஸ் போர்டு போட்ட இடத்துலயும் நடக்குது.

16/
அதை விடக் கசப்பான விஷயம் இது. பழைய சீட்டுகளை அக்கா ஒரு மஞ்சப்பையில வெச்சிருந்தாங்க. அதுல ரெண்டு என் கையெழுத்து.

நாலு வருஷம் முன்னாடி என்கிட்ட ரெண்டு தடவை வந்திருக்காங்க. சாயங்காலக் கூட்ட நேரமா இருந்திருக்கும். அஞ்சு நாளைக்கு வலி மாத்திரை, ஒரு கால்சியம். அவ்வளவுதான். "காலைல எவ்வளவு நேரம் விறைப்பா இருக்கும்மா?" ன்னு நான் கேட்டதுக்கு அந்தச் சீட்டுல எந்தத் தடயமும் இல்லை. அரை நிமிஷக் கேள்வி. கேட்டிருந்தா அந்த விரல்கள் இன்னிக்கு நேரா இருந்திருக்கலாம்.

அவங்ககிட்ட இதைச் சொன்னேன். "விடுங்க சார், உங்களுக்கு எத்தனை பேரோ" ன்னாங்க. எனக்கு அது சமாதானம் ஆகல.

17/
ஸ்டீராய்டு கெட்ட மருந்தா? இல்லை.

1948 செப்டம்பர்ல அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால நடக்க முடியாம கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் போட்டார். சில நாள்ல அவங்க நடந்தாங்க. 1950-லேயே நோபல் பரிசு. அடுத்த சில வருஷத்துல பக்க விளைவுகள் ஒண்ணொண்ணா தெரிஞ்சுது. கொரோனாவுலயும், 2020 ஜூன்ல வந்த ரெகவரி ஆய்வு, வென்டிலேட்டர்ல இருந்தவங்க மரணத்தை டெக்சாமெத்தசோன் மூணுல ஒரு பங்கு குறைச்சதுன்னு காட்டுச்சு. கவனிங்க, அங்கேயும் உயிரைக் காப்பாத்தினது எதிர்ப்பு சக்தியை அடக்கினதுதான்.

அளவு தெரிஞ்சு, நாள் தெரிஞ்சு, கண்காணிப்போட குடுத்தா ஸ்டீராய்டு உயிர் காக்கும். தெரியாமலே வருஷக்கணக்கா தின்னா, வலி மறையும், ஆனா நோயை முழுசா கட்டுப்படுத்தற மருந்து உள்ள போகாததால மூட்டு அரிச்சுக்கிட்டே இருக்கும்.

18/
முக்கியம்: அப்படிப் பொடி சாப்பிடறவங்க இதைப் படிச்சிட்டு இன்னிக்கே திடீர்னு நிறுத்தாதீங்க. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துட்டே இருந்தா, உடம்பு சொந்தமா சுரக்கறதைக் குறைச்சுடும். சட்டுனு நிறுத்தினா பி.பி இறங்கி மயங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தையே கையோட எடுத்துட்டு டாக்டர்கிட்ட போங்க. படிப்படியாத்தான் குறைக்கணும்.

19/
அப்ப எது சரியான மருந்து?

அதுக்கு ஒரு மெட்ராஸ் கதை இருக்கு. 1895-ல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவர். காந்தி சொன்னார்னு கதர் கட்டினது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்காம, எம்.பி.பி.எஸ்-க்குப் பதிலா எல்.எம்.எஸ் பட்டம்தான் கிடைச்சுது. அமெரிக்கா போனார். லெடர்லி ஆய்வகத்துல அவர் தலைமையிலான குழு ஃபோலிக் அமிலத்தைத் தயாரிச்சது. அப்புறம் அதுக்கு எதிரா வேலை செய்யற மருந்துகளையும் உருவாக்கினாங்க. 1948-ல் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் குடுத்தது அதுல ஒண்ணைத்தான். அந்தக் குடும்பத்துல வந்ததுதான் மெத்தோட்ரெக்சேட்.

20/
சுப்பாராவ் 1948 ஆகஸ்ட்ல இறந்துட்டார். நாப்பது வருஷம் கழிச்சு, 1988-ல், அமெரிக்க எஃப்.டி.ஏ மெத்தோட்ரெக்சேட்டை முடக்குவாதத்துக்கு அனுமதிச்சது. இன்னிக்கு உலகம் முழுக்க இந்த நோய்க்கு முதல்ல எழுதற மருந்து அதுதான்.

கதர் கட்டினதுக்காகப் பட்டத்தைக் குறைச்சுக் குடுத்தாங்க. அவர் போட்ட விதையில வந்த மருந்துதான் இன்னிக்கு நெசவாளிங்க கையைக் காப்பாத்துது. அதைச் சொன்னா நம்ம ஊர்ல "ஐயோ, அது கேன்சர் மருந்தாமே" ன்னு குப்பையில போடறாங்க.

21/
கேன்சருக்குக் குடுக்கற அளவு வேற, இதுக்குக் குடுக்கற அளவு வேற. இங்க வாரத்துக்கு 10 முதல் 25 மில்லிகிராம் வரைக்கும்தான்.

கவனமா படிங்க: வாரத்துக்கு ஒரே ஒரு நாள். தினமும் இல்லை. தவறுதலா தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவங்க இருக்காங்க. கிழமையைச் சீட்டுல பெருசா எழுதி வாங்குங்க. கூடவே ஃபோலிக் அமிலம் குடுப்பாங்க, அதையும் டாக்டர் சொன்ன நாள்ல எடுங்க. ரத்த அணுக்கள், கல்லீரல் டெஸ்ட் அப்பப்ப பார்க்கணும். குடி கூடாது. குழந்தைக்குத் திட்டமிடறவங்க முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லி மாத்திக்கணும், ஏன்னா இது கருவைப் பாதிக்கும்.

விலை? ஒரு வார டோஸ், ரெண்டு தட்டுவடை செட்டு சாப்பிடற காசுக்குள்ள அடங்கும்.

22/
இதுக்கு அடங்கலைன்னா அடுத்த படி இருக்கு. மேல சொன்ன டி.என்.எஃப்-ஐ மட்டும் குறி வெச்சுப் பிடிக்கற ஊசி. லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் லண்டன்ல 1992-ல் முதல் நோயாளிகளுக்கு அதைக் குடுத்துப் பார்த்தாங்க. அந்த ஒரு பொருளை அடைச்சதும் நோய் அடங்குச்சு.

ஆனா டி.என்.எஃப் நமக்கு நல்லதும் செய்யுது. நுரையீரல்ல தூங்கற காசநோய்க் கிருமியைச் சுத்தி வளைச்சு அடைச்சு வைக்கற வேலியைத் தாங்கறது அதுதான். வேலியைப் பிரிச்சா கிருமி எந்திரிக்கும். 2001-லேயே இந்த எச்சரிக்கை வந்துடுச்சு. அதனால நம்ம நாட்டுல இந்த ஊசிக்கு முன்னாடி டி.பி டெஸ்ட் பண்ணாம இருக்கக் கூடாது. ஏத்தறதும் இறக்கறதும் விளையாட்டு இல்லைன்னு இதுலயே தெரியும்.

23/
எவ்வளவு பேருக்கு இருக்கும்? டெல்லி பக்கத்துக் கிராமங்கள்ல நடந்து 1993-ல் வெளியான ஆய்வு, பெரியவங்கள்ல 0.75% ன்னு சொல்லுச்சு. 2011 கணக்குப்படி சேலம் மாவட்டத்துல 34.8 லட்சம் பேர். அதுல பெரியவங்க 24 லட்சம்னு வெச்சு, அதே விகிதத்தைப் போட்டா, சுமார் 18,000 பேர். இது உத்தேசக் கணக்குதான். ஆனா பாதியா இருந்தாலும் சின்ன எண்ணிக்கை இல்லை.

அதுல எத்தனை பேர் கையில இன்னிக்குப் பொட்டலம் இருக்கும்?

24/
என் கருத்து இதுதான்.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்குச்சு. பி.பி, சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருது. அருமையான திட்டம். அந்தச் சகோதரிகள் கதவைத் தட்டும்போது மூணு கேள்வி சேர்த்துக் கேட்டா போதும்.

• ரெண்டு கை விரல் முட்டிகளும் வீங்கியிருக்கா?
• காலைல விறைப்பு அரை மணிக்கு மேல இருக்கா?
• ஆறு வாரத்துக்கு மேல ஆச்சா?

மூணுக்கும் "ஆமா" ன்னா அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். அங்க இதுக்குன்னு வாரத்துல ஒரு நாள் தனிப் பிரிவு இருக்கணும். மெத்தோட்ரெக்சேட்டும், மாசாமாசம் பார்க்க வேண்டிய ரத்த டெஸ்ட்டும் வீட்டுப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே கிடைக்கணும். ஒரு நாள் கூலியை விட்டுட்டு பஸ் ஏறணும்னா ரெண்டாவது மாசமே நின்னுடுவாங்க.

25/
"நாட்டுல சுகர், ஹார்ட் அட்டாக் எல்லாம் இருக்கும்போது மூட்டு வலிக்கு இவ்வளவா?" ன்னு கேக்கலாம்.

முதல்ல, இது வெறும் மூட்டு நோய் இல்லை. அடங்காத அழற்சி ரத்தக் குழாயையும் விடறது இல்லை. முடக்குவாதம் இருக்கறவங்களுக்கு மாரடைப்பு அபாயமும் அதிகம். ரெண்டாவது, இழை பிணைக்கற பெண்ணுக்கு விரல்தான் சம்பளம். அந்த விரல் போனா வீட்ல ஒரு வருமானம் போகும், பொண்ணோட காலேஜ் நிக்கும்.

26/
நீங்க செய்ய வேண்டியது:

• மேல சொன்ன மூணு கேள்விக்கும் "ஆமா" ன்னா தள்ளிப் போடாதீங்க. முதல் சில மாசத்துலயே சிகிச்சை ஆரம்பிச்சா மூட்டைக் காப்பாத்தற வாய்ப்பு மிக அதிகம்.
• ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ்னா நோய் இல்லைன்னு அர்த்தம் இல்லை. பாசிட்டிவ்னா நோய் உறுதின்னும் அர்த்தம் இல்லை. கையைத் தொட்டுப் பார்க்கற டாக்டர் வேணும்.
• லேபிள் இல்லாத எதையும் வாயில போடாதீங்க.
• பீடி, சிகரெட்டை விடுங்க. பல் ஈறைச் சுத்தமா வைங்க.
• "எதிர்ப்பு சக்தி டானிக்" காசுக்கு முட்டை, கீரை, பயறு வாங்குங்க. தடுப்பூசியை முறைப்படி போடுங்க.

27/
அக்கா இப்ப மெத்தோட்ரெக்சேட் எடுக்கறாங்க. மூட்டுவாத நிபுணர்கிட்ட அனுப்பியிருக்கேன். ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கறோம். காலை விறைப்பு மூணு மணி நேரத்துலேருந்து முக்கால் மணிக்கு வந்திருக்கு. சாய்ஞ்ச விரல் நிமிராது. அதையும் மறைக்காம சொல்லிட்டேன்.

போன வாரம் கூடவே பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூட்டிட்டு வந்தாங்க. 31 வயசு. ரெண்டு மாசமா விரல் வீக்கம். "இவளும் அந்தப் பொடிக்குக் கெளம்பிட்டா சார். நான்தான் என் கையைக் காட்டி இழுத்துட்டு வந்தேன்" ன்னாங்க.

இந்தத் தடவை அந்தக் கேள்வியைத்தான் முதல்ல கேட்டேன்.

உங்க தெருவுலயும் இப்படி ஒருத்தர் பொட்டலத்துக்குக் கெளம்பிட்டு இருக்கலாம். அவங்களுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க.


பொது மருத்துவர், அம்மாபேட்டை, சேலம்